ஒன்பது நாள் வண்டல்

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

இந்தக் கையெழுத்து உனக்கு மறந்திருக்காது. பன்னிரண்டு வருடம் ஆற்றளவுத் தாள்களை இதே கோணல் எழுத்தில்தான் உனக்கு அனுப்பினேன். ஆற்றை அளக்கும் நிலையம் இனித் தேவையில்லை என்று நீ அறிக்கை கொடுத்து அதை மூடிய பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது. அந்தச் சண்டையைத் தூசி தட்ட இப்போது உட்காரவில்லை. காது சுத்தமாகப் போய்விட்டது, போனில் பேச முடியாது. அதனால்தான் இந்தக் காகிதம்.

நிலையத்து வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து நானும் உன் அண்ணியும் கடைத்தெருவில் இருக்கிறோம். தையல்காரர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பின்னால் ஆறு. நீ படிக்கிற பெண்ணாக வந்து எங்களோடு தங்கி, அண்ணன் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தபோது தெருவிலிருந்து ஆற்றுக்கு முப்பத்தொரு படி. இப்போது பன்னிரண்டுதான். மீதி பத்தொன்பதும் இடிந்து போகவில்லை, மண்ணுக்குள் இருக்கின்றன. கீழே அணை கட்டி எட்டு வருடம் ஆகிறது. தேங்கி நிற்கிற தண்ணீரில் வந்து சேரும் இடத்தில் ஆறு வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடுகிறது. அந்த மேடு வருடா வருடம் பின்னோக்கி ஏறி எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. போன மழைக்காலத்தில் சாக்கடை வழியாக ஆறு எங்கள் கொல்லைக்குள் வந்தது.

அணை அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கே ஒரு இளம் பொறியாளர், நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைத்து, எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் தாளில் எழுதிக் காட்டினார். "இந்த ஆத்துல வர்ற மண்ணுக்கு அணை தூர்ந்துபோக நூத்தி நாப்பது வருஷம் ஆகும் பெரியவரே. பெரிய ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க." அந்த ஆராய்ச்சி செய்தது நீ.

மண் அதைவிடப் பல மடங்கு வருகிறது என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தெருவை மேட்டுக்கு மாற்றுவார்கள், இல்லை கரையாவது கட்டுவார்கள். உன் கண் எப்படி இருக்கிறது என்று அண்ணி கேட்கச் சொன்னாள்.

அண்ணன்

மார்ச் 2

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததும் அதைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டேன். அண்ணியிடம் சொல்லுங்கள், கண்ணாடியின் கனம் கூடிக்கொண்டே போகிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் கேட்பது ஒரு வரி இல்லை. நூற்று நாற்பது என்பதை நான் வானத்திலிருந்து எடுக்கவில்லை. ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து, வடித்து, உலர்த்தி, நிறுத்து, லிட்டருக்கு இத்தனை கிராம் மண் என்று தினமும் நீங்கள் எழுதி அனுப்பிய எண்களிலிருந்து வந்தது அது.

நான் எதைத் தேடி அங்கே வந்தேன் என்று ஒருமுறை உங்கள் சமையலறையில் சொன்னேன், நினைவிருக்கிறதா. மலை, தனக்கு அடியில் உள்ள கனமான, மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும் பாறையின் மேல் மிதப்பதுபோல் நிற்கிறது. மழையும் ஆறும் மேலிருந்து மண்ணை அள்ளிப் போனால் பாரம் குறையும், மலை எழும்பும். மூட்டைகளை இறக்கினால் படகு எழும்புகிற மாதிரி. அப்படியென்றால் மழை கொட்டுகிற பக்கத்தில் மலை வேகமாக எழ வேண்டும். அதுதான் நடக்கிறதா, இல்லை மழைக்கு இதில் வேலையே இல்லாமல், நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் மட்டும்தான் மலை எழுகிறதா? மழைப்பக்கத்து ஆற்றுக்கு உங்கள் நிலையம். மழை மறைவுப் பக்கத்துக்கு வேறொரு நிலையம். பன்னிரண்டு வருட அளவுகளும் சொன்னது, இரண்டு ஆறுகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் மலையை அரிக்கின்றன என்று. ஆகவே மழைக்குப் பங்கில்லை. என் புத்தகம் அதைத்தான் சொல்கிறது. இன்று அது வகுப்புகளில் பாடம். அணைக்காரர்களும் அந்த எண்களையே எடுத்துக்கொண்டார்கள்.

உங்களுக்குப் பதில் எழுதுவதற்காகப் பழைய தாள்களை இறக்கிப் பார்த்தேன். ஐந்தாம் வருடம் ஆகஸ்ட் மூன்று முதல் பதினொன்று வரை ஒன்பது நாள் எண்களும், எட்டாம் வருடம் அதே ஒன்பது நாள் எண்களும் புள்ளிக்குப் பின்னால் வரை ஒன்றாக இருக்கின்றன. தட்டச்சில் வந்த பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூலத்தாள் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

தங்கை

மார்ச் 20

தங்கச்சிக்கு,

உன் கடிதம் ஒரு வாரம் சட்டைப்பையிலேயே கிடந்தது. துவைக்க எடுத்தபோது உன் அண்ணி கையில் மாட்டிக்கொண்டது. படித்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்று, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "உண்மைய எழுதுங்க. இல்லேன்னா நான் எழுதறேன்."

நான்காம் வருடம் ஆகஸ்ட் மாதம் உன் அண்ணியின் தம்பி ஆற்றில் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பது தெரியாது. நீ கேட்கவும் இல்லை. நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுவோமே, அவன்தான் ஆற்றுக்குக் குறுக்கே கம்பியில் ஓடுகிற இரும்புக் கூடையில் உட்கார்ந்து நடு ஆற்றில் பாட்டிலை இறக்குவான். நான் கரையில் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கூடையை நகர்த்துவேன். அன்று வெள்ளம் பாதையை எட்டியிருந்தது. வேரோடு ஒரு மரம் வந்தது. பாட்டில் கட்டிய கம்பி அதன் கிளையில் மாட்டியது. அறுத்துவிடு என்று நான் கத்தினேன். அறுத்துக்கொண்டுதான் இருந்தான். அதற்குள் கூடை குப்புறக் கவிழ்ந்தது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்துக் கீழே ஒரு வளைவில் கிடைத்தான். வாய், மூக்கு, காது எல்லாம் வண்டல். உன் அண்ணிதான் விரலால் வழித்து வழித்துக் கழுவினாள்.

காரியங்கள் முடிந்ததும் என்னிடம் சொன்னாள். "இனிமே வெள்ளத்துல நீங்க அந்தக் கூடைல ஏறினா நானும் கூட ஏறி உக்காருவேன்." செய்யக்கூடியவள். அதற்குப் பிறகு வெள்ள நாட்களில் நான் நிலையத்துக் கதவையே திறக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து தாளை நிரப்பினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாள். "நேத்து மூணே கால் போட்டீங்க. இன்னிக்கு மழை கொஞ்சம் கூட. மூணரை போடுங்க." போடுவேன். சில நாள் சிரித்துக்கொண்டும் போட்டிருக்கிறோம். எட்டாம் வருடம் அந்த நாட்களில் அவளுக்குக் காய்ச்சல். எனக்குத் தனியாக எண் யோசிக்க வரவில்லை. பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

வெயில் நாளின் எண்கள் எல்லாம் நிஜம். நெட்டையன் போன பிறகு வெள்ள நாளின் எண்கள் எட்டு வருடமும் பொய். முதல் மூன்று வருடம் நெட்டையன் எடுத்த பாட்டில்களில் லிட்டருக்கு நாற்பது, ஐம்பது கிராம் வந்தது. அதுதான் ஆறு. மற்றது எங்கள் சமையலறை.

அண்ணன்

ஏப்ரல் 4

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஒரு வருடத்தில் ஓர் ஆறு கொண்டுபோகிற மண்ணில் முக்கால் பங்கு அந்தப் பத்துப் பதினைந்து வெள்ள நாட்களில்தான் போகிறது. மீதி முந்நூற்றைம்பது நாளையும் நீங்கள் ஒழுங்காக அளந்தீர்கள் என்பது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. என் பட்டம், புத்தகம், என்னிடம் படித்த ஏழு பேரின் பட்டங்கள் எல்லாம் உங்கள் சமையலறையில் நிற்கின்றன. பயமாக இருக்கிறது, முடியவில்லை என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

எங்கள் துறைத் தலைவரிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு ரிட்டயர்டு ஆளோட கடிதத்தை வெச்சுக்கிட்டு இருபது வருஷ வேலையக் கொளுத்துவீங்களா? ஒரு சீசன் அளந்து பாருங்க. அப்புறம் பேசலாம்." அவர் சொல்வது நியாயம்தான். இந்த மழைக்காலத்தில் இரண்டு பேரைக் கருவிகளோடு அனுப்புகிறேன். புதிய சாலைப் பாலத்தின் மேலிருந்து அளப்பார்கள், யாரும் எதிலும் தொங்க வேண்டியதில்லை. அளவுகள் கைக்கு வந்ததும் அணை அலுவலகத்துக்கு எழுதுகிறேன். அதுவரை இதை யாரிடமும் பேச வேண்டாம்.

ஏப்ரல் 22

டாக்டர் அம்மாவுக்கு,

உங்களுக்கு ஒரு சீசன் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. படி பதினொன்றாகிவிட்டது. மழையே இல்லாமல் ஒரு படி போயிருக்கிறது.

கார்டு போட்டிருக்கலாம் என்கிறீர்கள். போட்டேன். நெட்டையன் போவதற்கு இரண்டு வாரம் முன்னால், தண்ணீர் அதிகம், கூடையை இறக்க யோசனையாக இருக்கிறது என்று எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதில் என் பெட்டியில் இருக்கிறது. "வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாளின் பாட்டில்தான் முக்கியம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வருடமே எனக்குப் பயனில்லை." நான் அதை நெட்டையனிடம் படித்துக் காட்டினேன். "அக்கா வீட்ல தங்கின பொண்ணு கேக்குது, எடுத்துக் குடுத்துருவோம் மாமா" என்றான். அவன் செத்த பிறகு நீங்கள் அச்சடித்த இரங்கல் அட்டை ஒன்று அனுப்பினீர்கள். அதில் உங்கள் கையெழுத்துகூட இல்லை.

பொய் எழுதியது தப்பு. அதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் காலிக் கட்டம் வேண்டாம் என்று கேட்டது யார்? கேட்டதைக் கொடுத்தேன்.

மே 15

அண்ணனுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன். அந்தக் கடிதத்தின் நகலைத் தேடினேன். கிடைத்தது. நீங்கள் எழுதியிருக்கிற வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, வெள்ளத்தை நான் பார்த்ததே இல்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாம் வருடத் தாள்கள் வந்தபோதே எனக்கு உறுத்தியது. வெள்ள நாளின் எண்கள் அவ்வளவு சீராக ஏறி இறங்காது. எந்த ஆறும் மூன்றே கால், மூன்றரை என்று மரியாதையாக நடந்துகொள்ளாது. முதல் மூன்று வருடம் நெட்டையன் எடுத்த எண்கள் கண்ணெதிரே இருந்தன. நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. இரண்டில் ஒன்று தவறு. எழுந்து ஒரு பஸ் பிடித்து வந்து உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் சீரான எண்கள் எனக்கு வேண்டிய விடையைத் தந்தன. மழைக்குப் பங்கில்லை என்று யாரும் துணிந்து சொல்லாத காலம் அது. சொன்னால் பெயர் கிடைக்கும். நெட்டையனின் மூன்று வருடத்தையும் "விதிவிலக்கான வெள்ளங்கள்" என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு மேலே போனேன். அவன் உயிரைக் கொடுத்து எடுத்ததைத்தான் ஒதுக்கினேன் அண்ணா.

அணை அலுவலகத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை இணைக்காவிட்டால் அவர்கள் நம்பமாட்டார்கள். இணைத்தால் உங்கள் மேல் விசாரணை வரும், ஓய்வூதியம் நிற்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உடனே பதில் போடுங்கள்.

தங்கை

ஜூன் 6

தங்கச்சிக்கு,

அனுப்பு. சம்மதத்தைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அண்ணியும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "பாதி நம்பர் என்னுது" என்று பிடிவாதமாகப் போட்டாள். தபால் வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது. இதைக் கேட்காமலே நீ அனுப்பியிருக்கலாம்.

அவள் இப்போது சும்மா இல்லை. வீடு வீடாகப் போகிறாள். மழைக்கு முன்னால் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்கிறாள். தையல்காரரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். அணை அலுவலகத்தார் ஒட்டிய அறிவிப்பைத் தையல்காரர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதைக் காட்டிச் சொன்னார். "அச்சுல வந்த நம்பர நீங்க வாயால மாத்துவீங்களா?"

உன் அண்ணி அசரவில்லை. "அந்த நம்பரப் போட்டதே நான்தாங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே போட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். அவர் வீட்டம்மா சிரிக்கவில்லை. "வீட்ல ரெண்டு மிஷின் இருக்கு, அத விட்டுட்டு எங்க போறது" என்றாள். இதுவரை ஏழு வீடுகள் வருகிறோம் என்றிருக்கின்றன. தெருவில் அறுபது வீடு.

நீ எழுதியிருந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன், அடிக்குறிப்பு வரைக்கும். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் "அவ கண்ணப் பாத்துக்கச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

அண்ணன்

ஜூலை 18

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். என் புத்தகத்தின் முடிவு தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று பதிப்பாளருக்கும் எழுதிவிட்டேன். துறைத் தலைவர் இப்போது நடையில் எதிரே வந்தால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்.

அணை அலுவலகத்தின் பதில் நேற்று வந்தது. "தங்கள் கடிதம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வல்லுநர் குழு ஆகஸ்ட் 28 அன்று கூடும்." நேரில் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். நீங்கள் சொன்ன இளம் பொறியாளர்தான் வந்து பேசினார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. "மேடம், இப்ப அணைத் தண்ணிய இறக்கச் சொல்லி எழுதற அதிகாரம் எனக்கு இல்லை" என்றார்.

பாலத்தில் என் ஆட்கள் இருவரும் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் சிறு வெள்ளத்திலேயே லிட்டருக்கு முப்பத்தொன்பது கிராம்.

நீங்களும் அண்ணியும் இங்கே வந்துவிடுங்கள். வீடு சின்னதுதான், மாடிக்குக் கீழே மோட்டார் பட்டறை, எந்நேரமும் சத்தம். உங்களுக்கு அது தொந்தரவு இல்லை. உடனே கிளம்புங்கள்.

தங்கை

செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

உன் அண்ணி இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஜூலைக் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. ஜூலைக் கடைசியிலிருந்தே சாலை அறுந்து கிடந்தது.

ஆகஸ்ட் எட்டாம் தேதி காலை. மூன்று நாள் விடாத மழை. நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே இங்கே வந்துவிட்டோம். எங்களோடு பதினோரு வீடுகள் வந்தன. அவள் பேச்சைக் கேட்டு வந்தவர்கள். மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. கஞ்சிப் பாத்திரத்தை இறக்கி வைத்தவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, தையல்காரர் வீட்டம்மாவை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். தையல்காரர் அப்போது இங்கே மேட்டில், மிஷின் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். அதாவது அவரும் மனம் மாறிவிட்டார். "நானும் வர்றேன்" என்றேன். "உங்களுக்குக் காது கேக்காது, நீங்க இங்கயே இருங்க" என்றாள்.

கரை உடைந்த சத்தம் எனக்குத் தெரியவில்லை. திண்ணையில் நின்ற எல்லோருடைய முகமும் ஒரே பக்கமாகத் திரும்பியதைப் பார்த்துத்தான் நானும் திரும்பினேன். ஆறு தெருவைவிட உயரத்தில் இருந்தது. தண்ணீர் மாதிரி இல்லை. கூழ் மாதிரி, மெதுவாக, வீடுகளுக்குப் பின்பக்கம் வழியாக உள்ளே போய் முன்வாசல் வழியாக வெளியே வந்தது.

தண்ணீர் அன்று சாயங்காலமே வடிந்துவிட்டது. மண் வடியவில்லை. ஜன்னல் மேல்கட்டை வரை தெரு முழுக்க மண். மூன்றாவது நாள் தையல்காரர் வீட்டுப் பின்னறையில் இரண்டு பேரையும் எடுத்தோம். ஒரு மிஷினை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கிறார்கள். கைகள் அதிலேயே இருந்தன. நான்தான் கழுவிவிட்டேன். மொத்தம் இருபத்து மூன்று பேர்.

வல்லுநர் குழு சொன்ன தேதியில் கூடியதாம். இரங்கல் தெரிவித்ததாம்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத அது என் பக்கமே திரும்புகிறது. இனிமேல் எழுத ஒன்றுமில்லை. நீயும் எழுத வேண்டாம்.

பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். அக்டோபரில் நான் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தபோதும் நீங்கள் வெளியே வரவில்லை. விசாரணையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நீங்கள் பேசியதை மட்டும் கேட்டேன். "நான் எழுதினது பொய். பொய்னு நான் சொன்ன பிறகு நடந்தது என்னுது மட்டும் இல்ல." உங்கள் ஓய்வூதியத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அறிந்தேன். என் பதவியை நான் விட்டுவிட்டேன். இரண்டும் சமம் என்று நான் நினைக்கவில்லை.

இதை நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். மழைக்கால அளவுகள் முழுதும் வந்துவிட்டன. ஆகஸ்ட் ஏழு, எட்டு, ஒன்பது மூன்று நாளில் மட்டும் அந்த ஆறு கொண்டுபோன மண், என் புத்தகம் ஒரு வருடத்துக்கு என்று சொன்னதைப் போல ஆறு மடங்கு. நெட்டையனின் மூன்று வருட எண்களோடு இது அப்படியே பொருந்துகிறது. மழைப்பக்கத்து ஆறு மறுபக்கத்து ஆற்றைவிடப் பல மடங்கு மலையை அரிக்கிறது. பாறைகளில் நாங்கள் அடித்து வைத்த ஆணிகளை வருடக்கணக்காகச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துவருகிறோம். அந்தப் பக்கத்து ஆணிகள்தான் வேகமாக உயர்கின்றன. மறுபக்கத்தில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர். இங்கே ஐந்து. இதை இத்தனை காலம் நெருக்குகிற தட்டின் வேலை என்று மட்டும் சொல்லிவந்தேன். முழுக் காரணமும் மழைதான் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் மழைக்குப் பங்குண்டு, பெரிய பங்கு. எங்கே மழை மலையை அதிகம் கரைக்கிறதோ அங்கே அது அதிகமாக எழுகிறது. நான் சொன்னதற்கு நேர் எதிர்.

இது முதல் புத்தகத்தைவிடப் பெரிய முடிவு. பாராட்டுகிறார்கள் அண்ணா. தவறை ஒப்புக்கொண்ட துணிச்சலுக்கும் சேர்த்துப் பாராட்டுகிறார்கள். அந்தக் கடிதங்களை மேஜையில் வைக்க முடியாமல் குளியலறை அலமாரியில் போட்டு வைத்திருக்கிறேன்.

வெளியிடாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அடுத்த அணைக்காரன் என் பழைய எண்ணையே எடுப்பான். வெளியிடுகிறேன். முதல் மூன்று வருட அளவுகளை எடுத்தவர் என்று நெட்டையனின் முழுப்பெயரை என் பெயருக்கு முன்னால் போட உங்கள் அனுமதி வேண்டும். மறுத்தாலும் எழுதுங்கள்.

தங்கை

மார்ச் 14

தங்கச்சிக்கு,

போடு. முழுப்பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துப் போடு. உன் அண்ணியின் பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். அதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போடாவிட்டாலும் சரி, தெரிந்து வைத்துக்கொள்.

அக்டோபரில் நீ வாசலில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வந்தால் என்ன பேசியிருப்பேன் என்று இன்னும் தெரியவில்லை.

மேட்டில் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நானும் தையல்காரரும் ஒரே கொட்டகை. தனி ஆட்களுக்குத் தனிக் கொட்டகை கிடையாதாம். தோண்டி எடுத்த மிஷினை அவர் பிரித்து, ஒவ்வொரு பல்லாக மண்ணைச் சுரண்டி எண்ணெய் போட்டு ஓட வைத்துவிட்டார். பகலெல்லாம் தைக்கிறார். நான் காஜா எடுக்கிறேன், பொத்தான் வைக்கிறேன். அதிகம் பேசிக்கொள்வதில்லை. கீழே தெரு அப்படியே மண்ணாகக் கிடக்கிறது. நடுவில் புல் முளைத்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். மலையிலிருந்து மண் இறங்க இறங்க மலை மேலே எழும்புகிறதாம், இந்தப் பக்கத்தில்தான் அதிகமாம் என்றேன். நம் தெருவில் கிடக்கிற மண் அங்கேயிருந்து குறைந்த பாரம் என்றேன். மிதிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் பார்க்கிற மாதிரி உதட்டை நிதானமாக அசைத்துக் கேட்டார்.

"இவ்வளவு மண்ணு இறங்குச்சே. அப்ப மலை எவ்வளவு உசந்துது?"

"வருஷத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர்" என்றேன்.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சின்னக் கோடுகளில் ஐந்தாவதைத் தேடி அதன்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தார். அப்படியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகத்தை எடுக்காமலே என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்" என்றேன்.

டேப்பைச் சுருட்டி மிஷின் மேல் வைத்தார். தைக்காமல் வைத்திருந்த துணியை எடுத்து ஊசிக்கு அடியில் விட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அண்ணன்